ஊரிழந்த நீர்நாகம்

தீபாவளி கழிந்து நான்காம் நாள். திருத்தணியில் நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலைக் காணப் புறப்பட்ட நாங்கள் மூவரும் முந்தின இரவே பள்ளிப்பட்டில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். விடிந்து பார்த்தால் கொசஸ்தலை ஆற்றில் செந்நீர் பெருகி, நாங்கள் செல்லவேண்டிய வழியின் தரைப்பாலத்தை மூடியிருந்தது. நீர் வடியும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

கூடத்தில் நண்பரின் மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் மூவரும் வட்டமாக அமர்ந்து ஏதோ ஆடிக்கொண்டிருந்தனர். நடுவே பென்சிலால் வரைந்த ஒரு நிலப்படம். பலவித முகங்கள் கொண்ட பகடைகள். ஒருவன் கதை சொல்ல, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் ஏற்றுப் பகடை உருட்டி முடிவு காண்கிறார்கள். படத்தின் நடுவில் நீலமாகத் தீட்டிய ஏரியைச் சுட்டி, "இது என்ன தம்பி?" என்று கேட்டோம்.

"ஏரிக்குள்ள ஒரு நாகம் இருக்கு மாமா. அது காவல் காக்கிற பொருளை எடுக்கணும்னா அதைக் கொன்னாகணும்."

"எந்த ஏரி?"

"ஏதோ ஒரு ஏரி. பேரெல்லாம் கிடையாது."

அப்போது நண்பரின் தாயார் செம்பில் பாலும், தட்டில் எள்ளுருண்டையும், பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்த சலிமிடியும் எடுத்துக்கொண்டு புற்றுக்குப் புறப்பட்டார். அன்று தெலுங்கு வழக்கில் நாகுல சவிதி. அவ்வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும். பேரன் சொன்னது காதில் விழுந்திருக்கவேண்டும். வாசற்படியில் நின்று, "பேரில்லாத ஏரியிலே நாகம் எப்படிப்பா குடியிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இளைஞர்கள் சிரித்தனர். எங்களால் அக்கேள்வியைச் சிரித்துக் கடக்க இயலவில்லை. அதன் பின்னே ஓடியதன் விளைவே இக்கட்டுரை.

பகடைக்குள் புகுந்த நாகம்

அவர்கள் ஆடிய விளையாட்டின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் ஆக்கியது. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. பெயரிலேயே ஏரி கொண்ட ஊர் அது! 1977இல் கைகாக்ஸ் 'மான்ஸ்டர் மானுவல்' என்றொரு தொகுப்பு நூலை வெளியிட்டார். விளையாட்டில் எதிர்ப்படக்கூடிய முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விலங்குகளையும் பூதங்களையும் அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வலிமை, கவசம், உயிர்த்திறன் என எண்கள் இட்ட நூல். கிரேக்கக் கதைகளும் வடபுலத்துக் கதைகளும் நிறைந்த அந்நூலில் 'நாகா' என்ற தலைப்பில் நம் நாகமும் இடம்பெற்றது. அதில் மூவகை. புதையலும் புனித இடமும் காக்கும் காவல்நாகம், தீயதாகிய ஆவிநாகம், தெளிந்த நன்னீரில் வாழும், நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிற்கும் நீர்நாகம்.

நம் நாகத்தின் இயல்புகளில் பலவற்றை அந்நூல் தவறவிடவில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். காவல் உண்டு, நீர் உண்டு, நஞ்சு உண்டு, மந்திரம் உண்டு, மனித முகமும் உண்டு. பின்வந்த பதிப்புகளில் சில மாறின. 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் தொகுப்பு நூலில் காவல்நாகமும் ஆவிநாகமும் எலும்புநாகமும் இருக்கின்றன, நீர்நாகம் இல்லை. காவல்நாகத்துக்கு அங்கே 127 உயிர்ப்புள்ளிகள். வீரரின் வாள் படுந்தோறும் அவ்வெண் குறையும். முற்றும் குறைந்தால் நாகம் மடியும்.

மேலைநாட்டார் 'டிராகன்' என்பதற்கும் நம் நாகத்துக்கும் உறவு புதிதன்று. கிரேக்கத்தில் 'டிராகோன்' என்ற சொல்லுக்கே பெரும்பாம்பு என்று பொருள். சீனத்தில் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தோர் நாகம் என்று வந்த இடங்களில் தம் நாட்டு மழைதரும் 'லுங்' என்னும் சொல்லையே ஆண்டனர். இன்று உலகம் சீன டிராகன் என்று அழைப்பது அதனைத்தான். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் டிராகனுக்கு 'வலுசர்ப்பம்' என்றொரு சொல்லைக் கண்டனர். ஆக, நீரில் வாழும் பெரும்பாம்பு எல்லா மொழியிலும் உண்டு. அதனோடு மனிதர் என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கொல்லப்படாத பாம்புகள்

மேலைக் கதைகளில் வீரன் பெரும்பாம்பைக் கொல்கிறான், கொன்றதனாலேயே வீரனாகிறான். நம் கதைகளில் அப்படி இல்லையா? உண்டு. இருக்கு வேதத்தில் நீரை அடைத்துக் கிடந்த விருத்திரனை இந்திரன் வச்சிரத்தால் கொன்று ஆறுகளை விடுவிக்கிறான். ஆயினும் பின்வந்த புராணங்கள் அவ்வெற்றியை அப்படியே விட்டுவிடவில்லை. விருத்திரனைக் கொன்ற பழி இந்திரனைத் துரத்துகிறது. அவன் ஒளிந்து திரிந்து கழுவாய் தேடுகிறான்.

பாரதத்தில் காண்டவ வனம் எரிக்கப்படும்போது பாம்புகள் மடிகின்றன. சனமேசயனின் வேள்வித் தீயில் நாகங்கள் கூட்டங் கூட்டமாக விழுகின்றன. அவ்வேள்வியை நிறுத்துபவன் ஆத்திகன். அவன் நாகர் தலைவன் வாசுகியின் தங்கை மகன். பாதி மனிதன், பாதி நாகன். பாம்புகளை முற்றாக அழிக்கப் புறப்பட்ட அரசனைத் தடுத்து நிறுத்த நாகத்தாயின் பிள்ளை வேண்டியிருக்கிறது.

டிராகனுக்கு மிக அருகில் வரும் நம் நீர்ப்பாம்பு காளியன்தான். பல தலை, மூச்சிலே நஞ்சு, யமுனையின் மடுவையே பாழாக்கியவன். கண்ணன் அவன் தலைமேல் ஏறி ஆடுகிறான், ஆனால் கொல்லவில்லை. காளியனின் மனைவியர் கைகூப்பி வேண்ட, கடலுக்குச் சென்று வாழ் என்று விடுத்துவிடுகிறான். காளியன் அம்மடுவில் வந்து ஒளிந்ததே கருடனுக்கு அஞ்சித்தான் என்று பாகவதம் சொல்கிறது. அஞ்சி வந்த ஒருவனுக்கு வாழ இடம் காட்டியதோடு கதை முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விருத்திரன் ஆற்றில் இருந்தான். காளியன் மடுவில் இருந்தான், பின் கடலுக்குப் போனான். நாகத்தின் கதை எப்போதும் இடத்தின் கதையாக இருக்கிறது.

தணிகையில் ஆறிய புண்

பள்ளிப்பட்டுக்கு அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. திருத்தணி மலையின் தலக்கதைகளுள் ஒன்று வாசுகியைப் பற்றியது. பாற்கடல் கடைந்தபோது மந்தர மலையைச் சுற்றி வாசுகியையே கயிறாகப் பூட்டினர். தேவர் ஒருபுறமும் அசுரர் ஒருபுறமும் இழுத்தனர். அமுதம் வந்தது, உண்டவர் உண்டனர். கயிறாக இருந்தவன் உடம்பெல்லாம் புண். அப்புண்ணோடு தணிகைக்கு வந்து முருகனை வழிபட்டு நலம் பெற்றான் என்பது கதை. மயில் பாம்பை மிதித்து நிற்கும் தெய்வத்தின் மலைக்கே ஒரு பாம்பு மருந்து தேடி வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விளையாட்டு நூலில் நாகத்துக்குக் காயம் என்பது எண் குறைவது. தணிகைக் கதையில் காயம் என்பது ஆற்றப்படவேண்டிய புண். ஒரே பாம்பைப் பற்றிய இருவேறு அறிவுகள் இவை.

திருத்தணி பழைய ஊர். நாங்கள் காணப் புறப்பட்ட வீரட்டானேசுவரர் கோயில் பல்லவன் அபராசிதவர்மனின் பதினெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைத் தாங்கி நிற்கிறது. கோயிலைக் கற்றளியாக எடுத்தவன் நம்பி அப்பி. அவன் பணியைப் போற்றி அரசனே பாடிய வெண்பா ஒன்றும் அங்கே கல்லில் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி அது. பல்லவர் ஆட்சியின் அந்தி வேளை. அப்பல்லவர் தம் குலம் எங்கிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று பார்த்தால் நம் நாகம் மீண்டும் தலைகாட்டுகிறது.

அரசர்களின் தாய்

அரக்கோணத்துக்கு அருகே வேலூர்ப்பாளையத்தில் கிடைத்த மூன்றாம் நந்திவர்மனின் செப்பேடு பல்லவர் மரபை விரிக்கிறது. அம்மரபில் வீரகூர்ச்சன் என்பவன் பாம்பரசன் மகளைக் கைப்பிடித்து, அவளோடு அரச சின்னங்கள் அனைத்தையும் பெற்றான் என்கிறது அச்செப்பேடு. இராயக்கோட்டைச் செப்பேடு வேறொரு கதை சொல்கிறது. துரோணர் மகன் அசுவத்தாமனுக்கும் ஒரு நாகப் பெண்ணுக்கும் பிறந்தவனே கந்தசிஷ்யன் என்று அது கூறும்.

தமிழ்க் காப்பியமும் இதே பாதையில் வருகிறது. மணிமேகலையில் நாகநாட்டு மன்னன் வளைவணனின் மகள் பீலிவளை. சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு கூடி ஒரு மகவு பெறுகிறாள். அக்குழந்தையை ஏற்றிவந்த மரக்கலம் கவிழ்ந்து குழந்தை கடலில் காணாமற் போகிறது. பிள்ளையைத் தேடும் துயரில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரையே கடல் கொள்கிறது. பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் பெயருக்குக் காரணம் கூறும்போது, நாக கன்னி பெற்றுத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டித் திரையில் விட்ட பிள்ளை அவன் என்ற மரபைத் தருகிறார். திரை தந்ததால் திரையன், கொடியால் தொண்டையன்.

இவை வரலாற்று நிகழ்ச்சிகளா? அல்ல. பழங்குடி சொல்லி அரசுரிமையை நிலைநாட்டும் வழக்கம் இது. பல்லவர் வரலாற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், வீரகூர்ச்சன் மணந்த நாகப் பெண் உண்மையில் ஓர் அரச குடியின் மகளாக இருக்கவேண்டும் என்றும், அம்மணத்தால் நாடு கைமாறியது என்றும் கருதினார். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் பாடு. நமக்கு வேண்டியது வேறு. புதிதாக ஒரு நிலத்தை ஆளவந்தவன், தான் பெருவீரன் என்று மட்டும் சொன்னால் போதவில்லை. அந்நிலத்தின் நாகத்தைக் கொன்றேன் என்றும் அவன் சொல்லவில்லை. அந்நாகத்தின் மகள் என் குலத்தின் தாய் என்று சொன்னான். மண்ணுக்கும் நீருக்கும் முன்னரே உரியவள் அவள். அவள் வழியாகத்தான் உரிமை வரவேண்டும். தொண்டை மண்டலத்தில் நாகம் வீரனின் பகையன்று. அவனுடைய தாய்வழிப் பாட்டி!

மாமல்லபுரத்தில் அதே பல்லவர் காலச் சிற்பியர் இதனைக் கல்லில் காட்டினர். ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பம். அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. பாறையின் நடுவே இயற்கையான ஒரு பிளவு. அதன் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளம். அங்கிருந்து நீரை விழவிட்டிருக்கின்றனர். அப்பிளவில் நாகராசனும் நாகினியும் மேல்நோக்கி நீந்தி வருகிறார்கள். இடைக்குமேல் மனித உடல், கீழே பாம்புடல், தலைமேல் படம், கைகள் கூப்பியிருக்கின்றன.

விளையாட்டு நூலின் நாகத்துக்குப் பாம்புடலில் மனித முகம் உண்டு, கைகள் இல்லை. சிறிய மாற்றம்தான். ஆனால் கையில்லாத உருவத்தால் கும்பிட முடியாது. கும்பிட முடியாததை அடிப்பது எளிது.

நீரில் ஊறும் கல்

அரசர் கதையை விட்டு ஊர்ப்புறத்துக்கு வருவோம். தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் குளக்கரையில் அரசும் வேம்பும் இணைந்த மேடை இல்லாத ஊர் அரிது. மேடையில் நாகக் கற்கள். ஒற்றைப் பாம்பு படமெடுத்து நிற்பதுண்டு. இரு பாம்புகள் பின்னிப் பிணைந்து நடுவே இலிங்கம் தாங்குவதும் உண்டு. பிள்ளை வரம் வேண்டிப் பெரும்பாலும் பெண்கள் நிறுத்தியவை. அக்கல்லை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடுவதில்லை. செதுக்கிய கல்லைக் கிணற்றிலோ குளத்திலோ நெடுநாள் நீருக்குள் ஊறவைத்து, பிறகே எடுத்து மரத்தடியில் நிறுத்துவார்கள். அந்த ஊரின் நீரில் ஊறிய பின்னரே கல் நாகமாகிறது. வேற்றூர் நீரில் ஊறிய கல் இவ்வூருக்கு நாகமாகாது. 'பேரில்லாத ஏரியிலே நாகம் எப்படிக் குடியிருக்கும்' என்ற அந்த மூதாட்டியின் கேள்விக்கு அடியில் இருப்பது இந்த வழக்கம்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஏரிக்குப் பெயர் இருந்தது. அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று ஏரியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஏரிக்கு ஆளும் இருந்தார்கள். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. நாகக் கல்லைக் கும்பிட்டதனால் மட்டும் ஏரி காக்கப்பட்டது என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகும். வாரியம் தூர் எடுத்தது. நாகம் கரையில் நின்றது. இரண்டும் ஒரே ஏரியைப் பெயர் சொல்லி அழைத்தன.

இன்று பத்திரங்களில் ஏரி ஒரு புல எண். எண்ணாக மாறிய ஏரியைக் குறைப்பது எளிது. ஒரு மூலையில் வீட்டுமனை, மறு மூலையில் குப்பை. சாலை அகலமாகும்போது மேடையும் மரமும் போகின்றன. நாகக் கற்களை யாரோ ஒருவர் எடுத்துப் பக்கத்துக் கோயில் மதிலோரம் சாய்த்து வைக்கிறார். பயணங்களில் இத்தகைய கற்களை நாங்கள் பலமுறை கண்டதுண்டு. நாகத்தைப் பெயரில்லா ஏரியில் இட்டு எண் கொடுத்தவர்கள் அமெரிக்க விளையாட்டுக்காரர்கள் மட்டுந்தானா என்று அப்போதெல்லாம் மனம் கேட்கும்.

எல்லை அறியாத ஆறு

பள்ளிப்பட்டின் நிலைமை இன்னும் தனித்தது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது இப்பகுதி. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் வந்தபின், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மனிதர் கோடு போட்டார்கள். ஆறு அக்கோட்டை ஏற்கவில்லை. ஆந்திர எல்லைக்குள் கிருஷ்ணாபுரம் அணை நிறைந்து திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டில் வெள்ளம். 2021 நவம்பரில் அப்படித்தான் தரைப்பாலங்கள் மூழ்கிச் சிற்றூர்கள் துண்டிக்கப்பட்டன. இங்கிருந்து பூண்டிக்குச் செல்லும் அந்நீர், 1944இல் கட்டி முடித்த அந்நீர்த்தேக்கத்தில் தங்கிச் சென்னையின் தாகம் தீர்த்து, எஞ்சியது எண்ணூரில் கடல் சேர்கிறது.

நாகமும் கோட்டை ஏற்கவில்லை. தமிழ் வழக்கில் ஆடியில் நாக சதுர்த்தி. தெலுங்கு வழக்கில் தீபாவளி கழிந்து நாகுல சவிதி. பள்ளிப்பட்டில் இரண்டுக்கும் பால் உண்டு. இரண்டாவது வருவது வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வேளையில். புற்றுக்குள் நீர் இறங்க, பாம்பு மேட்டுக்கு ஏறிவரும் காலம் அது. பாம்பும் மனிதனும் ஒரே மேட்டுக்கு ஒதுங்கவேண்டிய நாட்களில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளச் செய்துகொண்ட உடன்படிக்கையாகவே அப்பாலை நாங்கள் பார்க்கிறோம்.

முடிவுரையாக

விளையாட்டைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அன்று மாலைவரை அவ்விளைஞர்களோடு அமர்ந்து பார்த்தோம். மாயமும் வீரமும் நட்பும் கலந்த நல்ல கதையாடல் அது. நம் பாட்டிமார் விளக்கடியில் செய்ததை அவர்கள் பகடையோடு செய்கிறார்கள். அந்நூல் நாகத்தின் எண்ணை மட்டுமே தருகிறது. ஊரைத் தருவது கதை நடத்துபவரின் பொறுப்பு. அப்பொறுப்பைச் சீனரோ அமெரிக்கரோ நமக்காகச் செய்துதர மாட்டார்கள்.

நூலை வாங்கிப் புரட்டியபோது ஒரு விதி எங்கள் கண்ணில் பட்டது. ஐந்தாம் பதிப்பின் காவல்நாகத்தைக் கொன்றாலும் அது ஒன்று முதல் ஆறு நாட்களுக்குள் முழு வலிமையோடு மீண்டும் உயிர்த்தெழும். அரிய ஒரு மந்திரத்தாலன்றித் தடுக்க முடியாது. இதை எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ நம் நாகத்தின் உட்பொருளைத் தொட்டுவிட்டார்கள். மூடிய ஏரியும் குறுக்கிய ஆறும் அப்படித்தான். போய்விட்டது என்று மனை போட்டு வீடு கட்டிய பிறகு, ஓர் ஐப்பசியில் தன் பழைய இடம் தேடித் திரும்பி வரும்.

மாலையில் நீர் வடியத் தொடங்கிற்று. மூதாட்டி வெறுஞ்செம்போடு திரும்பியிருந்தார். விடைபெறும் வேளையில் அந்த நிலப்படத்தை மீண்டும் பார்த்தோம். நீல ஏரியின்மேல் பென்சிலால் அவ்வூர் ஏரியின் பெயரை எழுதியிருந்தான் பையன். "இப்போ கொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கோம் மாமா" என்றான்.

யோசிக்கட்டும். பெயர் தெரிந்தபின் கொல்வது அத்தனை எளிதன்று.